பதினோரு வீட்டு விருந்து சாப்பிட்ட சந்திரவல்லி

சந்திரவல்லி என்ற பேரை நான் முதலில் கேட்டது என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு. எழுபத்து நாலாம் வருசம் மாசி மாசம், பொட்டிபுரத்தில் எங்க அய்யா வீட்டில். காப்பித் தட்டைத் தூக்கிக்கொண்டு போய் நிற்கிறேன். மாப்பிள்ளை என்னைப் பார்க்கவே இல்லை. எங்க அய்யாவைப் பார்த்துச் சொல்கிறார்.

"எனக்குச் சம்மதம் மாமா. ஆனா என் தங்கச்சி சந்திரவல்லி ஒரு எட்டு வந்து பார்த்துட்டுச் சொல்லட்டும். மதுரையில நர்சுக்குப் படிக்குது. எங்க வீட்ல அது சொன்னாத்தான் எதுவும் நடக்கும்."

அடுப்படிக்குள் வந்து தட்டை வைத்தேன். என் அக்கா இருளம்மாள், "மாப்ள கருப்பா இருந்தாலும் களையா இருக்காருடி மூக்கம்மா" என்றாள்.

"அவரு கெடக்காரு. யாருக்கா அந்தச் சந்திரவல்லி?" என்றேன்.

முகத்தைப் பார்க்கும் முன்னாலேயே அவள் மேல் எனக்குப் பொறாமை வந்துவிட்டது. இதை மறைத்துப் பேச எனக்கு இனி வயசு கிடையாது.

பத்து நாள் கழித்து வந்தாள். ஒல்லியாக, என் உயரம்தான். இடது கையில் கடிகாரம் கட்டியிருந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்து, பேர் கேட்பாள் என்று பார்த்தால், என் கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தாள். பிறகு அண்ணனைத் திரும்பிப் பார்த்து, "ரத்தம் கம்மியா இருக்குண்ணே. கீரை நிறையச் சாப்பிடணும். மத்தபடி நல்ல பொண்ணு" என்றாள். மாட்டுக்குப் பல் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு. அவர் முகமெல்லாம் சிரிப்பு.

அப்படித்தான் நான் சிலமலைக்கு வாக்கப்பட்டுப் போனேன். வீட்டுக்காரர் பேர் சோலைமலை. ஊரில் கொஞ்சம் நிலம், மலையில் பூப்பாறைக்குப் பக்கத்தில் மூன்று ஏக்கர் ஏலத்தோட்டம். மாமனார் அந்தத் தோட்டத்தில் காய்ச்சல் கண்டு, ஜீப்பில் இறக்கிக் கொண்டுவரும்போது பாதி வழியில் போய்ச் சேர்ந்தவர். கூட இருந்தவர்களுக்கு வாயில் தண்ணீர் ஊற்றுவதைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அந்த வருசமே இவர் முடிவு பண்ணிவிட்டார், வீட்டில் வைத்தியம் தெரிந்த ஒரு ஆள் இருக்க வேண்டும் என்று. இவர் படித்தது அஞ்சாவது. தங்கச்சியை மதுரையில் ஒரு மிசன் ஆஸ்பத்திரியில் நர்சுக்குச் சேர்த்துவிட்டார். மாமியார் ஒச்சம்மாள் அழுதிருக்கிறது. வயசுக்கு வந்த பிள்ளையை ஊர்ப்பட்ட ஆம்பளைக்கு ஊசி போட அனுப்புறியே என்று. அழுததோடு சரி.

வாரம் ஒரு கடிதாசி வரும். இவர் அதைச் சத்தமாக ஒரு தடவை, தனக்குள் ஒரு தடவை படிப்பார். கடைசி வரியில் "மதினிக்கு என் அன்பு" என்று இருக்கும். அதைப் படிக்கும்போது மட்டும் என்னை நிமிர்ந்து பார்ப்பார்.

எழுபத்தாறில் படிப்பு முடிந்து, போடியில் ஒரு டாக்டர் வைத்திருந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். நானும் அப்போது போடிக்குத்தான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன், ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்க. ஒரே பஸ்சு. அவள் ஏறினால் கண்டக்டர், "நர்சம்மாவுக்கு இடம் விடுங்கப்பா" என்பான். நான் ஏறினால், "உள்ள தள்ளி நில்லு ஆத்தா" என்பான். எனக்கு அப்போது வயசு இருபத்தொன்று. அவள் என்னைவிட ஒரு வயசு மூத்தவள். சாயங்காலம் என் மேலெல்லாம் ஏலக்காய்த் தூசி. அவள் சேலையில் காலையில் போட்ட மடிப்பு அப்படியே இருக்கும். என் மகள் ராமுத்தாய் அப்போது நடை பழகுகிற பிள்ளை. ரெண்டு பேரும் ஒன்றாக வீட்டுக்குள் நுழைந்தால் அது முதலில் ஓடுவது அவளிடம்தான்.

எழுபத்தேழு ஆடியில் சென்னையில் குவைத்துக்கு நர்சு எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அண்ணனும் தங்கச்சியும் போனார்கள். அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்காரன் இவளைத் தேர்ந்து எடுத்துவிட்டான். விசாவை அந்த ஆஸ்பத்திரிக்காரனே அங்கே அரசாங்கத்தில் வாங்கி அனுப்புவான், மூணு மாசம் ஆகும், அதற்குள் பாஸ்போர்ட்டு எடுத்து நம்பரை பம்பாயில் இருக்கும் ஏஜெண்டுக்கு எழுதிப்போட வேண்டும். இவ்வளவையும் வீட்டுக்காரர் எனக்கு மூன்று தடவை சொன்னார். அதனால்தான் எனக்கு நல்லாத் தெரியும். தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

ஆவணியில் ஒரு நாள் போலீஸ்காரர் ஒருத்தர் சைக்கிளில் வந்தார். பாஸ்போர்ட்டுக்காக விசாரிக்க வந்தவர். வீட்டில் மாமியாரும் நானும்தான்.

"சந்திரவல்லிங்கிறது யாரு? இந்த வீட்லதான் இருக்கா?"

காக்கிச் சட்டை வந்து மகளைப் பேர் சொல்லிக் கேட்டால் எந்தத் தாய் ஆமாம் என்பாள்? மாமியார் பயந்துவிட்டது. "அப்படி யாரும் இங்க இல்லங்கய்யா" என்றது. பிறகு பொய் முழுசாக வாயில் நிற்காமல், "மலையில இருக்கு, கேரளாவுல, அங்கிட்டுப் போய்க் கேளுங்க" என்றது. ரேசன் கார்டு வேறு அந்த வருசம் தோட்டத்து விலாசத்தில் இருந்தது. அவர் அதையும் வாங்கிப் பார்த்து, ஏதோ எழுதிக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவர் எதற்கு வந்தார் என்று எனக்குத் தெரியும். "இந்த வீட்டுப் பிள்ளைதான்யா, போடிக்கு வேலைக்குப் போயிருக்கு" என்று ஒரு வார்த்தை. அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. நான் விழுங்கிவிட்டேன். சைக்கிள் மணிச் சத்தம் தெருமுனை தாண்டுகிற வரைக்கும் அப்படியே நின்றேன்.

அந்தத் தாள் சென்னைக்குத் திரும்பிப் போய், அங்கிருந்து கேரளாப் பக்கம் போய், மறுபடி சென்னைக்கு வந்து, பாஸ்போர்ட்டு கைக்கு வரும்போது தை மாசம் ஆகிவிட்டது.

இப்போது விருந்து சமாசாரத்தைச் சொல்ல வேண்டும். எங்க பக்கம் பெண் புருசன் வீட்டுக்குப் போனாலும், பையன் பட்டாளத்துக்குப் போனாலும், பங்காளி வீடு, மாமன் வீடு எல்லாம் முறை வைத்து விருந்து போடும். கோழி அடித்துச் சோறு போட்டு, சேலையோ வேட்டியோ வைத்துக் கொடுத்து, திருநீறு பூசி அனுப்பும். விருந்து சாப்பிட்டவர் ஊரில் தங்கக்கூடாது. கிளம்பிவிட வேண்டும்.

சிலமலையில் அதுவரைக்கும் ஒருத்தரும் கடல் தாண்டியதில்லை. பாஸ்போர்ட்டுப் புத்தகம் வந்ததும் எல்லாரும் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார்கள். உள்ளே அவள் போட்டோ, அரசாங்கத்து முத்திரை. அதுதான் குவைத்து போகிற உத்தரவு என்று ஊரே நினைத்துவிட்டது. என் சின்ன மாமியார் கருத்தம்மாள் அன்றைக்கே சேவலைப் பிடித்துக் காலைக் கட்டிவிட்டது.

"சின்னாத்தா, இது பாஸ்போர்ட்டுதான். விசா இனிமேத்தான் வரணும்" என்றாள் சந்திரவல்லி.

"வராம எங்க போகும்? நீ வந்து உட்காரு. மொத விருந்து என் வீட்லதான். நாளைக்கு நீ வெள்ளைக்காரி மாதிரி வந்து நிக்கும்போது, எவளும் நாந்தான் மொதல்ல போட்டேன்னு சொல்லிறக் கூடாது."

ஒரு வீட்டில் போட்டால் அடுத்த வீடு சும்மா இருக்குமா? பதினோரு வீடு. அதற்குள் பம்பாய் ஏஜெண்டும், புறப்பட்டு வாங்க, விசா இன்றைக்கோ நாளைக்கோ என்று எழுதிவிட்டான். கடைசி விருந்து எங்க வீட்டில். அவர் மதுரைக்குப் போய்ப் பச்சையில் ஒரு சேலை வாங்கிக்கொண்டு வந்தார். ஆடு அறுத்தார். எனக்குக் கல்யாணத்துக்கு எடுத்த சேலை அதில் பாதி நயம் கிடையாது. நான் ஆட்டுக்கறியை ஆக்கும்போது, காரத்தை ஒரு கை கூடப் போட்டேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "நல்லாருக்கு மதினி" என்று சாப்பிட்டாள்.

ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு, போடி பஸ் ஸ்டாண்டில் மாலையும் கழுத்துமாக ஏறிப் போனாள். இருபத்து மூன்று நாள். பம்பாயில் ஒரு அறையில் ஒன்பது பெண்கள். ஆஸ்பத்திரிக்காரன் முப்பது பேருக்கு விசா கேட்டிருக்கிறான், அங்கத்து அரசாங்கம் இருபதுதான் கொடுத்திருக்கிறது. யார் பாஸ்போர்ட்டு நம்பர் முன்னால் போய்ச் சேர்ந்ததோ அவர்களுக்கு வந்தது. இவள் நம்பர் போனது கடைசியில். அடுத்த பட்டியலில் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டான். இவளோடு படித்த மலையாளத்துப் பெண் ஒருத்தி, கட்டப்பனைக்காரி, அவளுக்கு வந்துவிட்டது. அவளை விமானத்துக்கு அனுப்பி வைத்துவிட்டு இவள் ரயிலேறி வந்தாள்.

காலை பஸ்சில் அதே பெட்டியோடு வந்து இறங்கினாள். கருத்தம்மாள் வாசல் தெளித்துக்கொண்டிருந்தது.

"ஏத்தா, குவைத்து இம்புட்டுக் கிட்டத்துலயா இருக்கு? நான் உசிலம்பட்டிக்குப் போனாக்கூட ஒரு மாசம் தங்கிட்டுல்ல வருவேன்."

"விசா வரல சின்னாத்தா."

"அப்ப என் சேவல் வந்துருமா?"

தெருவில் நாலு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், உள்ளே நின்றுகொண்டு.

பிறகுதான் அவள் பட்ட பாடு. விருந்து சாப்பிட்டவள் ஊரில் இருக்கிறாள். நல்லது கெட்டதுக்குக் கூப்பிடுவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. அவளிடம் புதுச் சேலை பதினொன்று இருந்தது. ஒன்றைக்கூடக் கட்ட முடியவில்லை. எதைக் கட்டினாலும் வைத்துக் கொடுத்தவள் எதிரில் வருவாள், முந்தானையைத் தொட்டு, "நான் எடுத்ததுல்ல, சாயம் போகல பாரு" என்பாள். வெறுத்துப்போய்ப் பழைய வெள்ளைச் சேலையையே துவைத்துத் துவைத்துக் கட்டினாள். போடி ஆஸ்பத்திரியில் அவள் இடத்துக்கு வேறு பெண் வந்தாகிவிட்டது.

எனக்கு அவள் மேல் பாசம் வந்தது அப்போதுதான். உள்ளதைச் சொல்கிறேன். அவள் கீழே இறங்கி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் என் வயிற்றெரிச்சல் படுத்துவிட்டது. காப்பி போட்டுக் கொடுத்தேன், தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டேன், கருத்தம்மாளிடம் அவளுக்காகச் சண்டைகூடப் போட்டேன். ஆனால் அந்தப் பாசம் ரெண்டு மாசம்தான். வீட்டில் இருக்கிறாளா, எதற்கெடுத்தாலும் அவர் அவளைத்தான் கேட்பார். எருது விற்கலாமா? சந்திராவைக் கேளு. ராமுத்தாய்க்கு மொட்டை எப்போது? சந்திரா சொல்லட்டும். பிள்ளை ராத்திரி அவள் பக்கத்தில்தான் படுக்கும். போனால் பெரிய மனுசி, இருந்தால் வீட்டுக்கு எஜமானி. எப்படிப் பார்த்தாலும் எனக்கு ஆகவில்லை.

அதனால் நான் தினமும் தபால்காரர் கன்னையனை மறித்து நிற்க ஆரம்பித்தேன்.

"குவைத்துலருந்து ஏதும் வந்துச்சாண்ணே?"

"வந்தா நானே ஓடி வர மாட்டேனா தாயி? உன்னைய மாதிரி ஒரு மதினி கிடைக்க அந்தப் பிள்ள குடுத்து வச்சிருக்கணும்" என்பார்.

ஊரே அப்படித்தான் சொன்னது. நாத்தனாரை எப்போது ஊரை விட்டு ஏற்றலாம் என்று நான் நிற்பது யாருக்குத் தெரியும்?

ஆஸ்பத்திரிக்காரனிடமிருந்து வரும் கடிதாசியெல்லாம் ஒரே பாட்டுத்தான். பட்டியல் மந்திரி ஆபீசில் இருக்கிறது. அடுத்த மாசம். நோன்பு மாசம் முடியட்டும். புதுக் கட்டடம் முடியட்டும். வேறு வேலையில் சேர்ந்தால் திடீரென்று கூப்பிட்டால் என்ன செய்வது என்று அவள் போடியில் வேறு எங்கும் கேட்கவும் இல்லை. அப்படியே ஏழு மாசம்.

ஒரு நாள் வெளிநாட்டுத் தபால் தலையோடு ஒரு உறை வந்தது. நான் வாங்கிக்கொண்டு ஓடினேன். ஆஸ்பத்திரிக் கடிதாசி இல்லை. கட்டப்பனைக்காரி எழுதியது. உள்ளே ஒரு கலர் போட்டோ. பெரிய கார் ஒன்றின் மேல் கையை வைத்துக்கொண்டு நிற்கிறாள், கண்ணில் கறுப்புக் கண்ணாடி.

சந்திரவல்லி போட்டோவை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இவளுக்கு ஊசி போடத் தெரியாது மதினி" என்றாள்.

"யாருக்கு?"

"இவளுக்குத்தான். நரம்பு கிடைக்காது இவளுக்கு. நோயாளி கையைக் குத்திக் குத்தி வீங்க வச்சிருவா. ராத்திரி டூட்டியில நான்தான் இவ வார்டுக்கும் போய்ப் போட்டுட்டு வருவேன். பரீட்சைக்கு என்னோட நோட்டுத்தான் படிச்சா." போட்டோவைக் கவிழ்த்து வைத்தாள். "கார் இவளோடதா இருக்காது. ரோட்ல நிக்கிற காரு."

"ஆமா, எவனோ நிறுத்திட்டுப் போயிருப்பான்" என்றேன்.

"மூக்கைப் பாருங்க, எப்படி உப்பியிருக்கு."

"கண்ணாடி போட்டும் மறையல."

ரெண்டு பேரும் அடுப்படியில் உட்கார்ந்து அந்தக் கட்டப்பனைக்காரியை நகம் முதல் முடி வரைக்கும் பிய்த்துப் போட்டோம். அவள் என்ன பாவம் செய்தாள், நல்லபடியாகப் போய் வேலை செய்து, தோழிக்கு ஒரு போட்டோ அனுப்பினாள். ஆனால் எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோசம் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை. நாலு வருசமாக என் வயிற்றில் எரிகிற அதே நெருப்புத்தான் இவளுக்குள்ளும் எரிகிறது. இவளும் நம்மை மாதிரி ஒரு பொம்பளைதான் என்று அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன்.

போட்டோ வந்த பிறகு அவளால் ஊரில் இருக்க முடியவில்லை. பூப்பாறைப் பக்கம் ஒரு பெரிய எஸ்டேட்டில் வேலைக்காரர்களுக்கு மருந்து கொடுக்க ஆள் வேண்டும் என்றார்கள். போய்விட்டாள். பாஸ்போர்ட்டையும் சர்டிபிகேட்டையும் மட்டும் எங்க வீட்டில் தோட்டத்துப் பத்திரம் இருக்கும் இரும்புப் பெட்டியில் வைத்துவிட்டுப் போனாள். மலையில் ஈரத்துக்குத் தாளெல்லாம் பூஞ்சணம் பூத்துப்போகும். ஒன்றரை வருசம் அங்கே. இவர் வாரம் ஒரு தடவை தோட்டத்துக்குப் போய் வருவார். வந்து செருப்பைக் கழற்றும்போதே, "சந்திரா என்ன சொல்லிச்சுன்னா" என்று ஆரம்பிப்பார்.

எண்பதாம் வருசம் பங்குனி. எங்க ஊர் அம்மன் பொங்கலுக்குச் சாமி சாட்டிக் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டிவிட்டால் எட்டு நாளைக்கு ஊர் கட்டுப்பாட்டில் இருக்கும். வீட்டில் தாளிக்கக்கூடாது. வெளியூர் போனவர் விளக்கு வைக்குமுன் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். நேர்ந்துகொண்டு கையில் மஞ்சள் காப்புக் கட்டியவர்களோ எல்லையைத் தாண்டவே கூடாது. அந்த வருசம் வீட்டுக்காரர் கையில் காப்பு இருந்தது. தங்கச்சிக்கு விசா வரவேண்டும் என்று தீச்சட்டி நேர்ந்திருந்தார். எனக்கு ரெண்டாவது பிரசவத்தில் உயிர் போய் உயிர் வந்தது. எனக்காக ஒரு அகல் விளக்கு ஏற்றினதில்லை.

மூன்றாம் நாள் காலையில் கன்னையன் தந்தியோடு வந்தார். அவரே படித்தார்.

"விசா வந்துருச்சு. இருபத்தஞ்சாந் தேதிக்குள்ள பம்பாயில இருக்கணுமாம். பாஸ்போர்ட்டும் ஒரிஜினல் சர்டிபிகேட்டும் கையில கொண்டாரணும். தேதி தப்புனா வேற ஆளுக்குக் குடுத்துருவானாம்."

அன்றைக்குத் தேதி இருபத்தொன்று. ராத்திரி மதுரையில் ரயிலேறினால்தான் சென்னை போய், அங்கிருந்து பம்பாய் போய்ச் சேர முடியும். அவள் மலையில். தாளெல்லாம் வீட்டில். கொண்டுபோக வேண்டியவர் கையில் காப்பு.

அவர் தந்தியையும் கையையும் மாறி மாறிப் பார்த்தார். கருத்தம்மாள் அதற்குள் வந்து நின்றது.

"காப்பை அத்துட்டுப் போயிறாத சோலை. சாமி குத்தம். விசா என்ன, இன்னைக்கு இல்லேன்னா அடுத்த வருசம் வருது. அவளுக்கென்ன புதுசா, வந்து வந்து போனதுதான?"

"நான் எங்க போறேன்" என்றார். அப்படியே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். என்னைப் போகச் சொல்லவில்லை. சொல்ல அவருக்குத் தோன்றவே இல்லை. நான் தனியாக மலைக்குப் போனதில்லை.

நான் யோசித்தேன். சும்மா இருந்தால் போதும். காப்புக் கட்டின ஊர், பொம்பளை, மலைக்குப் போய் விளக்கு வைக்குமுன் திரும்ப முடியாது. ஒரு ஆள் என்னைக் குறை சொல்ல மாட்டான். அவள் மலையிலேயே மாத்திரை கொடுத்துக்கொண்டு கிடப்பாள். கடைசி வரைக்கும் நர்சம்மாவாகவே, அதற்கு மேலே ஒரு படி ஏறாமல்.

கடைசி வரைக்கும். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடைசி வரைக்கும் வாராவாரம் இவர் போய் வருவார். கடைசி வரைக்கும் சந்திரா என்ன சொல்லிச்சுன்னா.

"பெட்டிச் சாவியைக் குடுங்க" என்றேன்.

நல்ல மனசில் போனேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

போடிக்குப் பஸ்சில் போய், உரமூட்டை ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்பில் மூட்டை மேல் உட்கார்ந்து போனேன். தாளெல்லாம் ஒரு மஞ்சள் பையில் மடியில் இருந்தது. எஸ்டேட்டில் போய் நிற்கும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. அவள் ஒரு கிழவர் காலில் புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணனுக்கு என்ன?"

"அவருக்கு ஒண்ணுமில்ல. விசா வந்துருச்சு. வெரசா கிளம்பு."

அவள் நம்பவில்லை. தந்தியை வாங்கிப் படித்தாள். பிறகு திரும்பி அந்தக் கட்டை முழுசாகப் போட்டு முடித்தாள். ரெண்டு சேலையை ஒரு பையில் திணித்துக்கொண்டு வந்தாள். கீழே இறங்கும் ஜீப்பில் முன்னால் ரெண்டு பேரும் ஒட்டி உட்கார்ந்தோம்.

போடிமெட்டு தாண்டி வளைவுகள் ஆரம்பிக்கும்போது எனக்கு வாய் நிற்கவில்லை.

"சந்திரா. போலீசு வந்தன்னைக்கு நான் கதவுக்குப் பின்னாடிதான் நின்னேன். சொல்லியிருக்கலாம். சொல்லல."

"தெரியும் மதினி."

"எப்படித் தெரியும்?"

"ஆத்தா அப்பவே சொல்லிச்சு. மூக்கம்மாவும் உள்ளதான் இருந்தா, அவளுக்கும் பயம் போலன்னு."

ரெண்டு வளைவு போனது.

"பயம் இல்ல" என்றேன்.

"அதுவும் தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டா இத்தன நாளு எங்கூடப் பேசுன?"

"வேற யாருகிட்டப் பேசுறது? ஊர்ல எல்லாரும் விருந்து போட்டவுக." பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மூணு நாளு உங்க மூஞ்சியிலயே முழிக்கக் கூடாதுன்னு இருந்தேன். உங்களுக்குத் தெரியாது, அந்த மூணு நாளும் நீங்க வச்ச குழம்பை மாட்டுக் கழுநீர்ல ஊத்திட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. மூணு நாள் குழம்பு. ஆனால் கேட்கிற இடத்தில் நான் இல்லை.

போடியில் இறங்கும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. மதுரை பஸ்சு நின்றது, கிளம்பவில்லை. எதிர்ப் பக்கம் சிலமலை பஸ்சு உறுமிக்கொண்டிருந்தது. அதில் ஏறினால் விளக்கு வைக்குமுன் நான் எல்லைக்குள் போய்விடலாம்.

"நீங்க போங்க மதினி. ஊர்ல ஏதும் சொல்லப்போறாக."

"நீ ஏறு மொதல்ல."

"நான் ஏறிக்கிடுவேன்."

"ஏறு. உம் பஸ்சு கிளம்பறதைக் கண்ணால பார்த்தாத்தான் நான் போவேன். இன்னொரு தடவை திரும்பி வந்தா என்னால ஆகாது சந்திரா."

சிரித்தாள். ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மாலை இல்லை, திருநீறு இல்லை, வழியனுப்ப ஒரு ஆள் இல்லை, நான்தான். என் பஸ்சு போய்விட்டது. அரைமணி நேரம் கழித்துத்தான் அவள் பஸ்சு கிளம்பியது. தெருமுனை திரும்பி மறைகிற வரைக்கும் பார்த்தேன். மனசு நிறைந்து இருந்தது. அதே நேரத்தில், நாலஞ்சு நாளில் அவள் விமானத்தில் உட்கார்ந்திருப்பாள், நான் காய் பொறுக்கிக்கொண்டு இருப்பேன் என்று ஒரு குத்தும் இருந்தது. ரெண்டும் ஒன்றாகத்தான் இருந்தது.

அடுத்த பஸ்சில் போய் இறங்கும்போது ஊரில் விளக்கெல்லாம் எரிகிறது. எல்லையிலேயே நிறுத்திவிட்டார்கள். கோயில் முன்னால் ஏழு குடம் தண்ணீர் தலையில் ஊற்றிக்கொண்டு விழுந்து கும்பிடச் சொன்னார்கள். கருத்தம்மாள்தான் குடத்தைச் சத்தம் போட்டு எண்ணியது. அவள் குவைத்து போனதுக்கு நான் ஈரச்சேலையோடு நடுங்கிக்கொண்டு நின்றேன். அவர் கையில் காப்போடு கூட்டத்தில் நின்று பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் துண்டை எடுத்து என் தலையைத் துவட்டிவிட்டார். கல்யாணம் ஆகி ஆறு வருசத்தில் அதுதான் முதல் தடவை. துவட்டிக்கொண்டே கேட்டார்.

"சந்திராவுக்கு ஜன்னலோரம் இடம் கிடைச்சுச்சா?"

பம்பாயில் அவளை இன்னும் பன்னிரண்டு நாள் நிறுத்தி வைத்தார்கள், விசாவில் ஏதோ முத்திரை பாக்கி என்று. பன்னிரண்டு நாளும் நான் ஒவ்வொரு போடி பஸ்சையும் எட்டிப் பார்த்தேன். அவள் வந்து இறங்கவில்லை. வைகாசியில் குவைத்திலிருந்து கடிதாசி வந்தது.

அங்கே ஒன்பது வருசம் வேலை பார்த்தாள். நடுவில் ஒரு தடவை லீவில் வந்தபோது போடிப் பள்ளிக்கூட வாத்தியார் ராஜாராமைக் கட்டிக்கொண்டாள். எண்பத்தொன்பதில் ஒரேயடியாகத் திரும்பி வந்தாள். வந்த அன்றைக்குக் கருத்தம்மாள் முதல் ஆளாகப் போய், முதல் விருந்து நான் போட்டேன் என்று சொல்லிக்கொண்டு ஒரு சோப்பு வாங்கிக்கொண்டு வந்தது. எனக்குக் கைக்கடிகாரம் கொண்டு வந்தாள். நல்ல கடிகாரம்தான். அவள் கையில் இருந்தது அதைவிடக் கொஞ்சம் பெரிசு.

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து எட்டு வருசம் ஆகிறது. கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் ஊசி குத்த வந்த பெண்ணிடம், "என் தங்கச்சி வந்து பார்க்கட்டும்" என்றுதான் சொன்னார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

சந்திரவல்லி இப்போது போடியில், ரயில்வே ஸ்டேசனுக்குப் பின்னால் சொந்த வீட்டில், மகனோடு இருக்கிறாள். முழங்கால் வலி உண்டு, மற்றபடி நல்லா இருக்கிறாள்.